பட்டினமும் சூழலும்

எங்கள் திருகோணமலையில் உள்ள பிரதேச செயலகம் ஒன்றின் பெயர்ப்பலகையிலே "பட்டினமும் சூழலும்" என்று எழுதியிருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துக் கந்தோர்ப் பாஷையில் 'டவுன் அன்ட் கிரவெட்ஸ்' என்று வழங்கிய சொற்றொடரைத் தமிழாக்கியவர் பெரும் பண்டிதராக இருந்தாரோ, மாலை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்திலிருந்த ஓர் எழுதுவினைஞராக இருந்தாரோ, யானறியேன். ஆயினும், பட்டினம் எந்த மதகோடு முடிகிறது, சூழல் எந்த வேலியிலிருந்து தொடங்குகிறது என்ற விவகாரத்திலே தலையிடாமல், இரண்டு 'உம்'மைகளைப் போட்டு இரண்டையும் ஒரே பலகையில் உட்கார்த்திவிட்ட அவருடைய சாமர்த்தியத்தை, அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் வியப்பதுண்டு.

கிராம வாழ்க்கை சிறந்ததா, நகர வாழ்க்கை சிறந்ததா என்ற விஷயம் நம்முடைய பட்டிமன்றங்களுக்கும் பாடசாலைக் கட்டுரைக் கொப்பிகளுக்கும் தலைமுறை தலைமுறையாகத் தீனி போட்டு வந்திருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேலாகத் தமிழ் வாத்தியாராக உத்தியோகம் பார்த்த நானும் இந்தப் பாவத்திலே பங்காளிதான். வருஷந்தோறும் பத்தாம் வகுப்புக்கு இந்தத் தலைப்பைக் கொடுப்பேன். உவர்மலையிலும் மத்திய வீதியிலும் பிறந்து வளர்ந்து, ஒரு நாளாவது வயல் வரம்பிலே வழுக்கி விழுந்தறியாத பிள்ளைகள், பசும்புல்லென்றும் பறவைகளின் கீதமென்றும் கள்ளங்கபடமற்ற ஜனங்களென்றும் பக்கம் பக்கமாக வர்ணித்துத் தள்ளுவார்கள். நானும் சந்தோஷத்தோடு புள்ளி போடுவேன். அவர்களுக்கிடையே, கொட்டியாரக் குடாவுக்கு அக்கரையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பையன் ஒருவன், ஒரு வருஷம், ஐந்தே வரி எழுதிக் கொடுத்தான். அதில் ஒரு வரி இன்றும் எனக்கு மனப்பாடம்: "எங்கள் ஊரில் ஒருவருக்கு வருத்தம் கடுமையானால், முதலில் வெளியே வந்து காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார்கள்." அதன் ஓரத்திலே சிவப்பு மையினால், 'தலைப்பை விட்டு விலகியுள்ளது' என்று எழுதி, நாற்பது புள்ளி போட்டேன்.

தலைப்பை விட்டு விலகியிருந்தவன் நானே என்பது, மறுவருஷம் அக்கரையிலேயே ஒரு பாடசாலைக்கு இடமாற்றமாகி, வாரந்தோறும் லோஞ்சிலே போய்வரத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வரைபடத்தை விரித்துப் பார்ப்பவனுக்குத் திருகோணமலைப் பட்டினமும் மூதூரும் எதிரெதிர் வீட்டுத் திண்ணைகளைப் போலத் தோன்றும். இடையிலே ஒரு குடாக்கடல், அவ்வளவுதான். அந்தக் குடாக்கடலைத் தாண்ட, காற்று நல்ல காற்றாக இருந்தால், ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். வாடை வீசும் மார்கழி தை மாதங்களிலே எப்போது போகும், போகுமா என்பதெல்லாம் ஈசன் செயல். அந்நாளிலே தரைவழியை நாடுவதென்றால், கிண்ணியாத் துறையடியிலே 'பாதை'க்குக் காத்திருந்து ஏறி இறங்கி, அதற்கப்பால் இன்னும் சில ஆறுகளிலே அதே காத்திருப்பையும் அதே ஏறியிறங்கலையும் நடத்தி முடிக்க வேண்டியிருந்தது. அல்லது கந்தளாய் சுற்றிப் போக வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்திலே மிதவைப் படகுக்குப் 'பாதை' என்று பெயர். வழியில்லாத இடத்தில் மிதந்துகொண்டிருக்கும் பொருளுக்கு வழி என்றே பெயர் வைத்த ஜனங்கள் எவ்வளவு பொறுமைசாலிகள் என்று பாருங்கள்!

லோஞ்சின் அடித்தட்டிலே டீசல் மணமும் கருவாட்டு மணமும் கலந்து வரும். வாழையிலை மூடிக் கயிறு கட்டிய எருமைத்தயிர்ச் சட்டிகள் ஒரு பக்கம். காலிலே தும்புக்கயிறு கட்டிய கோழிகள் ஒரு பக்கம். தலைப்பிரசவத்துக்குப் பத்து நாள் முன்பாகவே பட்டினத்து உறவினர் வீட்டிலே போய்க் கிடப்பதற்காகப் பாயும் தலையணையுமாகப் பிரயாணம் செய்யும் பெண் ஒரு பக்கம். எனக்கு அடிக்கடி பேச்சுத்துணையாக வாய்த்தவர் தோப்பூரைச் சேர்ந்த ஒரு முதியவர். காணி உறுதி ஒன்றைப் பொலித்தீன் பையில் சுற்றி, அதை இடுப்பிலே செருகி, அதன்மேல் சாரத்தை இறுக்கிக் கட்டியிருப்பார். நான்காந் தடவையாகக் கச்சேரிக்குப் போகிறாரென்று அறிந்து, அப்படி என்ன பெரிய அலுவல் என்று கேட்டேன். "அலுவல் அஞ்சு நிமிஷம்தான் மாஸ்டர். அந்த அஞ்சு நிமிஷத்துக்கு எனக்கு மூண்டு நாள் போகுது. போக ஒரு நாள், பெரியவரு லீவெண்டு திரும்ப ஒரு நாள், காத்து மாறினா நடுவுல ஒரு நாள்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். கோபித்துப் பயனில்லை என்று நெடுங்காலத்துக்கு முன்பே தீர்மானித்துவிட்டவருடைய சிரிப்பு அது.

அந்தக் கணக்கைத்தான் நான் இங்கே வாசகர்களின் முன் வைக்க விரும்புகிறேன். பட்டினத்தானுக்கும் கிராமத்தானுக்கும் உள்ள பேதத்தைக் காற்றிலும் கனிவிலும் தேடுவதை விட்டு, ஒரே காரியத்தை முடிக்க இருவருக்கும் செலவாகும் நேரத்திலே தேடுவோமானால், இந்த மாவட்டம் வேறொரு முகத்தைக் காட்டும். கச்சேரிக்கு அருகே வசிப்பவன் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிக்கும் அலுவலுக்கு, வெருகலிலே இருப்பவன் ஒரு நாட் கூலியை இழக்கிறான். அந்தக் கூலியை எந்த வரவு செலவுக் கணக்கிலும் ஒருவரும் எழுதுவதில்லை. மூதூரிலே பிறந்து மூதூரைப் பற்றியே ஆயுள் முழுவதும் எழுதிய வ. அ. இராசரத்தினம் தம் நாவலொன்றுக்கு 'ஒரு வெண்மணற் கிராமம் காத்துக்கொண்டிருக்கிறது' என்று பெயரிட்டார். நாவலின் கதை எப்படியாயினும், அந்தத் தலைப்பு ஒன்றே எங்கள் அக்கரையின் விலாசம் என்று நான் சொல்வதுண்டு.

கொட்டியாரத்துக் கரையில் மாட்டிக்கொண்டவர்களுள் உலகப் பிரசித்தி பெற்றவர் ஆங்கிலேய மாலுமி ராபர்ட் நொக்ஸ். புயலில் பாய்மரம் ஒடிந்த கப்பலைச் செப்பனிட ஒதுங்கியவர், 1660ஆம் ஆண்டு கண்டி அரசனுடைய ஆட்களிடம் பிடிபட்டு, 1679 வரையில் அந்த இராச்சியத்திலேயே காலங்கழித்தார். தப்பிப் போய்ப் புத்தகம் எழுதிப் பெயரும் புகழும் பெற்றார். எங்கள் தோப்பூர் முதியவர் புத்தகம் எழுதவில்லை.

பட்டினத்துக்கும் அக்கரைக்கும் இடையிலான இந்த வேற்றுமை தானாக முளைத்ததன்று. மதுரையும் தஞ்சையும் தம்மைச் சுற்றியுள்ள மருத நிலத்தின் விளைச்சலிலிருந்து எழுந்த பட்டினங்கள். சுற்றுவட்டாரத்து நெல்லும் நூலும் வந்து குவிந்த இடத்திலே கடைத்தெருவும் கோவிலும் அரண்மனையும் உண்டாயின. திருகோணமலைப் பட்டினத்தையோ கடல்வழியாக வந்தவர்கள் கடலைப் பார்த்தபடி கட்டினார்கள். போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் கோவிலை இடித்து, அதன் கல்லைக் கொண்டே கோட்டை எழுப்பினர். ஒல்லாந்தர் அதைத் திருத்தினர். 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றி, பின்னர் அதற்குப் பிரெட்ரிக் கோட்டை என்று பெயரும் சூட்டினர். அவர்களுக்கு வேண்டியிருந்தது துறைமுகம்; துறைமுகத்துக்குப் பின்னாலுள்ள நாடன்று. கடற்படைத் தளம் 1957இல் நம் அரசாங்கத்தின் வசமான பின்னரும் அந்தப் பழக்கம் மாறியதாகத் தெரியவில்லை. சீனக்குடாக் காட்டுக்குள்ளே, இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன் ஆங்கிலேயர் நிறுத்திவிட்டுப் போன பிரமாண்டமான எண்ணெய்த் தாங்கிகள், இன்றைய கணக்கில் 99, பெரும்பாலும் கொடி படர்ந்து நிற்கின்றன. அவற்றை யார் எத்தனை எடுப்பது என்று 2022 ஜனவரியிலே இரண்டு தேசங்கள் கையொப்பமிட்டன. அதே ஆண்டின் நடுப்பகுதியிலே, அந்தத் தாங்கிகளுக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள கரையோரக் கிராமங்களின் மீனவர்கள் படகு எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கிடைக்காமல், வெறுங் கான்களை வரிசையில் அடுக்கிவைத்து இரவு பகலாகக் காத்துக் கிடந்தார்கள். பெரிய துறைமுகத்தின் நிழலிலே வாழ்வதென்பது இதுதான்: மரம் பெரிது, பழம் வேறு யாருக்கோ.

ஆனால் பட்டினத்துக்குச் சூழல் தேவையில்லை என்று எண்ணுவது பட்டினத்தானின் பிரமை. இன்று திருகோணமலையில் குழாயைத் திறந்தால் வருவது கந்தளாய்க் குளத்து நீர். குளக்கோட்ட மன்னனோடு ஐதிகம் இணைத்துப் பேசுகிற அந்தக் குளத்தின் தண்ணீரிலேதான் தம்பலகாமத்து வயல்களும் விளைகின்றன. அந்தக் குளத்தின் அணை 1986 ஏப்ரல் 20ஆந் தேதி உடைத்துக்கொண்டபோது, பள்ளத்திலிருந்த குடியானவர்களே உயிரையும் வீட்டையும் பறிகொடுத்தார்கள். குழாயடியிலே நிற்கும் நமக்கு அந்தத் தேதி நினைவிலிருக்க நியாயமில்லை. அரிசி, தயிர், மீன், விறகு, கூலியாள் எல்லாம் சூழலிலிருந்து உள்ளே வருகின்றன. பட்டினத்திலிருந்து வெளியே போவது என்னவென்று யோசித்தால், எனக்கு முதலில் ஞாபகம் வருவது பாண்! 1980 முதல் சீனக்குடாவிலே கப்பல் கோதுமையை அரைத்துக்கொண்டிருக்கும் பெரிய மாவு ஆலையின் புண்ணியத்தில், நெல் விளையும் ஊர்களிலேயே விடியற்காலையில் முச்சக்கர வண்டியொன்று சங்கீதம் வாசித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் வருகிறது. தலைக்கு மேலே நெல்மூட்டை அடுக்கிய அறையிலே படுத்தெழுந்த கமக்காரன், சூன் பாண் வண்டியின் பாட்டுக் கேட்டதும் படலையைத் திறந்துகொண்டு சில்லறையோடு வெளியே ஓடுகிறான். இதிலே குறை சொல்ல நான் யார்? நானும் பாண் தின்கிறவன்தான். ஆயினும் அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எங்கேயோ ஒரு கணக்குப் பிழைத்திருப்பதாகவே மனத்திற் படுகிறது.

ஆபத்துக் காலத்திலே இந்தக் கணக்குத் தலைகீழாகும். சுவாமிமலையிலிருந்த கோணேசர் கோவிலைப் போர்த்துக்கேயர் இடித்தபோது, கோணநாதருக்கே புகலிடம் கொடுத்தது கிராமம். தம்பலகாமத்து வயல்களுக்கு நடுவே ஆதிகோணநாயகர் கோவில் எழுந்தது அப்படித்தான். மறைந்து கிடந்த விக்கிரகங்கள் சில 1950இல் பட்டினத்திலே நிலம் வெட்டும்போது அகப்பட்டு, 1963இல் மலையுச்சியிலே மறுபடி கும்பாபிஷேகம் நடக்கும் வரையில், முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பட்டினத்துத் தெய்வத்தைத் தரிசிக்கப் பட்டினத்தார் கிராமத்துக்குத்தான் நடந்தார்கள். 1942 ஏப்ரல் 9ஆந் தேதி காலையில் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மேல் குண்டு போட்டபோதும், கடைத்தெருவைப் பூட்டிவிட்டு ஜனங்கள் ஓடியது உட்புறத்து ஊர்களை நோக்கியே. என் தகப்பனார் அந்த ஓட்டத்திலே ஒருவர்; பன்குளத்துப் பக்கம் முன்பின் அறியாத ஒரு குடியானவன் வீட்டு நெற்களத்திலே ஒரு மாதம் படுத்திருந்ததாகவும், அவன் ஒரு சதமும் வாங்கவில்லையென்றும் சொல்வார். யுத்தம் ஓய்ந்து பட்டினத்துக்குத் திரும்பிய பிறகு அவனைத் தேடிப் போனீர்களா என்று நான் ஒருமுறை கேட்டேன். "போகத்தான் இருந்தேன்" என்றார்.

இவ்வளவும் சொன்னதனால், கிராமம் தேவலோகம் என்று பழைய மாணவர்களைப் போல நானும் பாடப் போகிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். அக்கரையில் கழித்த வருஷங்களிலே, கிணற்றிலே யார் அள்ளலாம், யார் அள்ளக்கூடாது என்ற வழக்கையும் கேட்டிருக்கிறேன். பெரும்போகத்து வெள்ளாண்மையைச் சூடடிக்கு முன்பே கடைமுதலாளிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் களத்திலே வெறுங்கையோடு நின்றவனையும் பார்த்திருக்கிறேன். சைக்கிளிலே பாடசாலைக்குப் போகும் பெண்பிள்ளை எத்தனை மணிக்குத் திரும்பினாள் என்பதை எட்டு வீட்டார் எண்ணிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பெண் பட்டினத்துக்குப் படிக்க வந்து, ஒருவரும் தன்னைத் திரும்பிப் பாராத கடற்கரை வீதியிலே தனியாக நடந்து, வாசிகசாலையிலே உட்கார்ந்து பத்திரிகை படிக்கும்போது அடையும் சுகம், எந்தப் பசும்புல்லினாலும் வாராத சுகம். எல்லோரும் எல்லோரையும் அறிவது பெரிய ஆறுதல். அதுவே பெரிய காவலும் ஆகும். இதற்கு மேல் இந்தப் பட்டிமன்றத்தை வளர்க்க எனக்கு விருப்பமில்லை.

அன்றியும், இலங்கையிலே 'கிராமத்தான்' என்பவன் யார் என்பதே ஒரு வேடிக்கையான விவகாரம். மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருப்பவர்களைத்தான் அரசாங்கக் கணக்கு நகரவாசிகளாக எண்ணும். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிரதேச சபைகள் உண்டாகி, பழைய பட்டின சபைகள் அவற்றிலே கரைந்தபோது, ராத்திரி படுக்கும்போது பட்டினவாசியாக இருந்த பலர் காலையில் கிராமவாசிகளாக எழுந்தார்கள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு தேசம் முழுவதிலும் நகரவாசிகள் நூற்றுக்கு 18.2 என்று சொன்னது இந்தக் கணக்கினால்தான். எங்கள் மாவட்டத்திலே அப்போது திருகோணமலையும் கிண்ணியாவுமே நகரங்கள். மூதூர்க் கடைத்தெருவிலே சனிக்கிழமை காலையில் தோளோடு தோள் இடிபட்டு நடப்பவர், தாம் சட்டப்படி நாட்டுப்புறத்திலே நிற்பதாக அறிந்தால் சிரிப்பார். ஆனால் பட்டியலில் எந்தப் பக்கம் விழுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் தெருவிளக்கும் வடிகாலும் குப்பை வண்டியும் வருகின்றன.

பாலங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நன்றி மறந்தவனாவேன். 2009 அக்டோபர் மாதம் 20ஆந் தேதி கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 396 மீற்றர் நீளம். இலங்கையிலே மிக நீளமான பாலம் என்று அன்று எல்லோரும் பெருமைப்பட்டோம். அதன் பிறகு மட்டக்களப்புக்குப் போகும் வழியிலே மற்றைய ஆறுகளிலும் பாலங்கள் வந்தன. எத்தனையோ தலைமுறைகள் காத்துக் கிடந்த துறைகளை இன்று பஸ் ஒரு பாட்டு முடிவதற்குள் கடந்துவிடுகிறது. முதன்முதலிலே அந்தப் பாலத்தால் மூதூருக்குப் போன நாளிலே, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தி, பாலம் முடியும்வரை கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, அக்கரை வந்ததும், "முடிஞ்சிதா?" என்று கேட்டாள், முடிந்தது என்றதும், ஏமாந்தவளைப் போல, "அவ்வளவுதானா!" என்றாள். அந்த 'அவ்வளவுதானா'வுக்குள்ளே அறுபது வருஷக் காத்திருப்பு இருந்தது.

பெருவழியிலே இந்த அதிசயம் நடந்தது; சிறுவழிகளிலே நடக்கவில்லை. கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியிலே புதிய பாலம் கட்டுவதற்காக, முன்பிருந்த பாலத்தை அகற்றிவிட்டு, அது முடியும்வரை ஜனங்கள் எப்படிக் கடப்பார்கள் என்ற கேள்விக்கு யாரும் தக்க விடை வைக்காமையினால், தகரமும் பலகையுமாகப் பொருத்திய ஒரு மிதவையிலே பிள்ளைகள் பாடசாலைக்குப் போனார்கள். 2021 நவம்பர் 23ஆந் தேதி காலையிலே அது கவிழ்ந்தது. வெள்ளைச் சீருடையோடு போன குழந்தைகள் உட்படப் பலர் இறந்தனர். பட்டினத்து நடுவிலே ஒரு வீதியைத் தோண்டினால், மாற்றுவழி எது என்று அம்புக்குறி போட்ட பலகையை முதல் நாளே நட்டுவிடுகிறார்கள். அந்தப் பலகைக்குரிய யோக்கியதை குறிஞ்சாக்கேணிக்கு இல்லாமற் போனது ஏன் என்று, நாலு நாள் துக்கத்துக்குப் பிறகு, யாரும் தொடர்ந்து கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நேரத்தைப் போலவே நிலத்தின் கணக்கும். 1980களில் துறைமுகத்தின் பேரிலே குடாவைச் சுற்றியுள்ள பெருநிலம் துறைமுக அதிகாரசபைக்கு உரித்தாக்கப்பட்டது; அந்த நிலத்திலே உழுதுகொண்டிருந்தவர்களுக்கு, தங்கள் காலடி மண் துறைமுகம் என்று யாரும் விளக்கிச் சொன்னதாகத் தெரியவில்லை. அக்கரையிலுள்ள சம்பூர் ஜனங்களின் கதை இன்னும் கடுமையானது. 2006இல் குண்டுக்குத் தப்பி ஓடியவர்கள், ஊர் பாதுகாப்பு வலயமாகி, பின்பு கைத்தொழில் வலயமாகி, அனல்மின் நிலையம் வரும் என்று பேசப்பட்டு, பல வருஷங்கள், கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் தகரக் கொட்டகைகளிலே கிடந்தார்கள். 2015இலும் 2016இலும் காணிகள் திரும்பக் கிடைத்தன; அனல்மின் நிலையத் திட்டமும் 2016இல் கைவிடப்பட்டது. அந்தக் கொட்டகைகளுக்கு நான் சில தடவை போயிருக்கிறேன். பட்டினத்தின் நெருக்கமும் கிராமத்தின் இல்லாமையும் ஒருங்கே கூடியிருந்த இடம் அது: அடுத்த வீட்டானின் இருமல் தலைமாட்டிலே கேட்கும், கறிக்குக் கறிவேப்பிலை பிடுங்க ஒரு செடி இராது. ஊர் திரும்பிய ஒருவர், முதல் வேலையாக வீடு கட்டாமல், பாழ்பட்டுக் கிடந்த கிணற்றை இறைத்ததைப் பார்த்தேன். ஏனென்று கேட்கவில்லை, பத்து வருஷம் வரிசையிலே நின்று தண்ணீர் பிடித்தவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அன்று.

இப்போது சம்பூரிலே சூரிய மின் நிலையம். 2025 ஏப்ரலில் அதற்கு ஆரம்ப விழா நடந்தது. வெயிலிலிருந்து மின்சாரம் எடுப்பதை எதிர்க்க நான் பைத்தியக்காரன் அல்லன். ஆனால் அதே வருஷத்திலே முத்துநகர் விவசாயிகள், இப்படிப்பட்ட திட்டங்களுக்காகத் தாங்கள் பயிரிட்டு வந்த நிலம் எடுக்கப்படுவதை எதிர்த்து, மாவட்ட செயலகத்தின் முன்னாலே நாட்கணக்காகக் குந்தியிருந்தார்கள். வயலிலே நிற்க வேண்டியவன் பட்டினத்து நடைபாதையில் குந்தியிருந்தால்தான் அவனுடைய சங்கதி காதிலே விழும் என்பதே நான் சொல்ல வந்த விஷயம். வெயில் கிராமத்திலே காய்கிறது. அதை என்ன செய்வதென்ற யோசனை மட்டும் எப்போதும் பட்டினத்தில், குளிர்சாதன அறையிலே நடக்கிறது.

ஆகவே எனக்குள்ள கோரிக்கை பெரிதன்று. கிராமங்களைப் பட்டினமாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. பட்டினத்துக் கந்தோர்கள் தூரத்தை ஒரு சங்கதியாக எண்ணப் பழகட்டும் என்கிறேன். 'நடமாடும் சேவை' என்ற பெயரில், பந்தலும் மாலையும் ஒலிபெருக்கியுமாக, திருவிழாப் போல எப்போதோ ஒருமுறை அக்கரைக்குப் போகும் உத்தியோகத்தர்கள், பந்தல் இல்லாமல், மாதத்திலே குறித்த இரண்டு நாள் ஒரு மேசையும் முத்திரையுமாக மூதூரிலும் வெருகலிலும் ஈச்சிலம்பற்றிலும் குச்சவெளியிலும் உட்கார்ந்தால் போதும். காணியைப் பற்றிய விசாரணையைக் காணி இருக்கும் ஊரிலே வைக்க வேண்டும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை அறியாத உத்தியோகத்தர் எவரும் பொதுசன நாள் நடத்தக்கூடாது. இவற்றுக்குப் பெரும் பணமோ வெளிநாட்டுக் கடனோ வேண்டியதில்லை. ஆனால் படகோட்டிகளுக்கும் பஸ் கண்டக்டர்களுக்கும் எப்போதும் இருந்துவந்த ஒரு ஞானம், இவர் எங்கேயிருந்து வருகிறார் என்று கேட்கும் ஞானம், மேசைக்கு அந்தப் பக்கத்திலும் உண்டாக வேண்டும்.

போன மாதம் பிரஷர் பார்க்கிற கிளினிக்குக்காக ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அங்கே விடியற்காலை ஐந்து மணி முதல் நம்பர் கொடுக்கிறார்கள். என் வீடு பக்கத்திலே. கொப்பியை வரிசையில் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினேன். என் நம்பர் ஆறு. எனக்குப் பக்கத்து வாங்கிலே உட்கார்ந்த பெண், வெருகலுக்கு இந்தப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து முதல் பஸ்ஸிலே வந்தவள். அவள் நம்பர் எண்பத்துமூன்று. நம்பர் எழுதும் இளைஞன் என் பழைய மாணவன். தூரத்திலிருந்து வருபவர்களுக்குப் பதினைந்து இருபது நம்பரையாவது ஒதுக்கி வைக்கலாகாதா என்று அவனை மெல்லக் கேட்டேன். "முதல் வந்தவருக்கு முதல் நம்பர், சேர். இதில என்ன அநியாயம்?" என்றான், மிகவும் மரியாதையாக. நியாயந்தான், எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே குடியிருந்தால் அதைப் போன்ற நியாயம் வேறில்லை.

வெட்கத்தினால் என்னுடைய நம்பரை அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். "வேண்டாம் ஐயா, நான் அதில போனா நடுவில இருக்கிற ஆக்கள் சண்டைக்கு வருவாங்க" என்று சொல்லி, மடியிலிருந்த ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தாள். பத்து மணிக்கு முன்பே என் காரியம் முடிந்துவிட்டது. மத்தியானம் வேறொரு அலுவலாக அந்தப் பக்கம் போனபோது, அவள் மருந்து கொடுக்கும் ஜன்னலின் வரிசையை விட்டு இரண்டடி வெளியே வந்து, இடத்தைப் பிடித்துக்கொள்ளும்படி பின்னால் நின்றவளுக்குச் சைகை காட்டிவிட்டு, எதிர்ச்சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "ஐயா, ரெண்டரை பஸ் போயிருக்குமோ?" என்று கேட்டாள்.